பாலாற்றங்கரையில் இதழியல் கற்பிக்க யார் வேண்டும்?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பைப் படிக்காமல், இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. 1991-ல் வழக்கைத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் பாலாற்றையும் வயல்களையும் கிணறுகளையும் கெடுத்ததுதான் வழக்கின் மையம்.

அந்தத் தீர்ப்பு எடுத்தாளும் தரவுகளைத் தந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஆராய்ந்து, அவற்றில் 350 கெட்டுப்போய்விட்டன என்று சொன்னது ஒரு தன்னார்வ அமைப்பு. வாதாடியவர் எம்.சி. மேத்தா. வேளாண் விஞ்ஞானிகள், கிணறு கிணறாக நடந்த களப்பணியாளர்கள், வழக்கறிஞர் என்று பலர் சேர்ந்துதான் தோல் தொழில் வட்டாரத்தின் ஆகப்பெரிய செய்தியை நாட்டுக்குச் சொன்னார்கள்.

டேனரித் தொழிலாளியின் வாழ்க்கையைத் தமிழில் விரிவாக எழுதிய நாவல் டி. செல்வராஜின் ‘தோல்’. 2012-ல் அதற்கு சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். ஆம்பூர்ப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் ஷூக்களின் மேல்பகுதியைத் தைத்துக் கொடுப்பதை 2016-ல் அறிக்கையாக வெளியிட்ட அமைப்புகளில் ஒன்று, பெங்களூருவின் சிவிடெப் என்ற தொழிலாளர் நல அமைப்பு. சட்டக் கல்லூரியும் இலக்கிய உலகும் தொழிலாளர் அமைப்புகளும் இப்படி எடுத்துக்கொண்ட கதையை, அது நடந்த மண்ணிலேயே இதழியலும் காட்சித் தொடர்பியலும் படிக்க வரும் பிள்ளைக்கு யார் சொல்லித் தரப் போகிறார்கள்? சேர்க்காட்டில் அமைந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்டூடியோ, கேமரா, எடிட்டிங் லேப் பற்றி விளம்பரமே செய்கிறார்கள். ஆனால், வகுப்பில் நிற்கும் ஆசிரியர் எங்கிருந்து வந்தார், இதற்கு முன் என்ன செய்தார், எந்த மண்ணை அறிந்தவர் என்பதைப் பற்றி அநேகமாகப் பேச்சே இல்லை. ஒரு தொடர்பியல் துறையின் தரத்தை முடிவு செய்வது அதுதான். கேமரா நான்கு ஆண்டில் பழசாகிவிடும். ஆசிரியர் 30 ஆண்டு இருப்பார்.

தொடர்பியல் என்ற துறையை உருவாக்கியவர்களில் ஒருவர்கூடத் தொடர்பியல் படித்தவர் இல்லை. இப்போது வேலைக்கு ஆள் எடுக்கிற குழுக்கள் இந்த வரலாற்றை மறந்துவிட்டன. அமெரிக்காவில் இதைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்திய வில்பர் ஷ்ராம், இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், சிறுகதை எழுதியவர், அயோவாவின் புகழ்பெற்ற எழுத்தாளர் பட்டறைக்கு முதல் இயக்குநர். ஹெரால்டு லாஸ்வெல் அரசியல் அறிவியலர். கார்ல் ஹாவ்லண்ட் உளவியலர். பால் லாசர்ஸ்ஃபெல்ட் வியன்னாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

லாசர்ஸ்ஃபெல்டின் ஆரம்பகால ஆய்வு ஒன்றை ஆம்பூரில் இருப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வியன்னாவுக்குத் தெற்கே மரியென்தால் என்று ஒரு ஆலை ஊர். ஒரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி வாழ்ந்த அந்த ஊரில், ஆலை மூடியதும் ஊரே வேலை இழந்தது. 1931–32-ல் கணிதம் படித்த லாசர்ஸ்ஃபெல்ட், உளவியலர் மேரி யஹோடா, சட்டம் படித்த ஹான்ஸ் ஸைசல் மூவரும் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். மக்கள் தெருவில் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று எழுதி வாங்கினார்கள். வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கிறதே, அதிகம் படிப்பார் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. நூலகத்தில் எடுக்கும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பத்திரிகைச் சந்தாவும் சரிந்தது. ஊடகத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இப்படி மூடிக்கிடந்த ஓர் ஆலையின் வாசலில் அமைந்தது. ஐரோப்பாவில் ஆர்டர் குறைந்தால் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஷிஃப்ட் குறைகிறது. அந்த மாதங்களில் ஒரு தொழிலாளி வீட்டில் கைபேசி ரீசார்ஜுக்கு என்ன ஆகிறது, பிள்ளை என்ன பார்க்கிறது, செய்தி எந்த வழியாக வருகிறது என்று கேட்கத் தோன்றுகிற ஆசிரியர் ஒருவர் இங்கே இருந்தால், மரியென்தாலுக்குச் சமமான ஆய்வை இந்த ஊர் மாணவர்களே செய்துவிடுவார்கள்.

இன்னொருவர் கனடாவின் ஹெரால்டு இன்னிஸ். பொருளாதாரப் பேராசிரியர். 1924-ல் படகேறி மக்கென்சி ஆற்றோடு போய், மென்மயிர்த் தோல் வணிகம் எப்படி நடக்கிறது என்று பார்த்து, 1930-ல் கனடாவின் தோல் வணிகத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அடுத்து மீன் வணிகம். அடுத்து மரக்கூழ், காகிதம். காகிதத்தைத் தொடர்ந்து போனவர் செய்தித்தாளுக்கு வந்து சேர்ந்தார். 1950-லும் 1951-லும் வந்த அவருடைய இரண்டு நூல்கள் தொடர்பியலின் அடிப்படை நூல்களாயின. ஒரு சமூகம் எதன் மேல் எழுதுகிறது என்பதே அதன் ஆட்சியையும் நினைவையும் வடிவமைக்கிறது என்றார் அவர். காகிதம் பரவும் முன் ஐரோப்பிய மடாலயங்கள் எழுதியது ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல். இந்தப் பக்குவத்தின் முதல் பாதியைப் பேரணாம்பட்டு டேனரித் தொழிலாளியின் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்திருப்பான். அவனுக்கு இன்னிஸை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்பது தோலை அறிந்த ஆசிரியருக்குத் தெரியும். வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஐந்து மதிப்பெண் குறிப்பு சொல்லித் தருகிறவருக்குத் தெரியாது.

தமிழ் இதழியலும் இப்படித்தான் வளர்ந்தது. ‘சுதேசமித்திரன்’ தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். பாரதி மதுரையில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்துவிட்டு 1904-ல் சுதேசமித்திரன் அலுவலகத்துக்கு வந்தவர். திரு.வி.க. பள்ளி ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர், பத்திராசிரியர் எல்லாமும். 1942-ல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பாரிஸ்டர். தன் நிருபர்களுக்குக் கையேடு எழுதிக் கொடுத்துக் கற்பித்த வகையில், தமிழில் ஆகப்பெரிய இதழியல் வகுப்பை நடத்தியவர் என்று அவரையே சொல்லலாம்.

பாடமாக வந்த பிறகும் நல்ல இடங்கள் இந்தக் கலப்பைக் காத்தன. 1982-ல் டெல்லி ஜாமியா மில்லியாவில் மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையம் அமைந்தபோது, அன்வர் ஜமால் கித்வாய் அழைத்து வந்தது ஜேம்ஸ் பெவரிட்ஜ் என்ற கனடிய ஆவணப்பட இயக்குநரை. சென்னையில் 2000 முதல் இயங்கும் ஆசிய இதழியல் கல்லூரி, செய்தி அறைகளில் பணியாற்றியவர்களையே வகுப்புக்குக் கொண்டுவருகிறது. அங்கே கற்பித்த பி. சாய்நாத் படித்தது ஜே.என்.யு.வில் வரலாறு.

அதற்குப் பிறகு வாசல் குறுகிவிட்டது. காட்சித் தொடர்பியலில் இளநிலை, அதிலேயே முதுநிலை, அதிலேயே ஆய்வு, அதே துறையில் ஆசிரியர் பணி என்ற ஒரே பாதையில் வருபவர்கள் பெருகுகிறார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. கோட்பாடு தெரிந்தவர், ஆய்வு முறை தெரிந்தவர் ஒரு துறைக்கு முதுகெலும்பு. ஆனால், எல்லோரும் அதே பாதையில் வந்தால், பட்டறைக்கும் வயலுக்கும் நீதிமன்றத்துக்கும் போன கால்கள் துறையில் இருக்காது.

விதிகள் இதற்குப் பெரிய காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியராக வர, சம்பந்தப்பட்ட பாடத்திலோ நெருக்கமான பாடத்திலோ 55 விழுக்காட்டோடு முதுநிலைப் பட்டம் வேண்டும். நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ, விதிக்குட்பட்ட முனைவர் பட்டமோ வேண்டும். நெருக்கமான பாடம் எது என்பதில் தேர்வுக் குழு எடுப்பதே முடிவு. வேதியியல் படித்துவிட்டு 20 ஆண்டு சுற்றுச்சூழல் செய்தி எழுதியவர் அந்தச் சல்லடையில் நிற்க மாட்டார். நெட் தேர்வோ முழுக்கக் கொள்குறி வினா. இதழியல் தாளின் மொழி ஆங்கிலம், ஹிந்தி. வாழ்நாளெல்லாம் தமிழில் செய்தி எழுதியவர் தன் தொழிலைப் பற்றிய தேர்வைத் தன் மொழியில் எழுத வழியில்லை.

அதே 2018 விதிகளில் இசை, நிகழ்த்துகலை, காண்கலை, சிற்பம் போன்றவற்றுக்கு ஒரு தனி வாசல் உண்டு. இளநிலைப் பட்டமும், புகழ்பெற்ற ஆசானிடம் கற்ற பயிற்சியும், வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ‘ஏ’ கிரேடு தகுதியும், விளக்கிச் சொல்லும் ஆற்றலும் உள்ள இசைக் கலைஞர் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். மிகச் சரியான ஏற்பாடு. வித்வானுக்குத் திறந்த இந்தக் கதவை நிருபருக்கும் ஆவணப்படக் கலைஞருக்கும் வானொலித் தயாரிப்பாளருக்கும் ஏன் திறக்கவில்லை? இதழியலும் செய்து செய்து கற்கிற வித்தைதான்.

2022 செப்டம்பரில் மானியக் குழு வேறொரு சன்னலைத் திறந்தது: நடைமுறைப் பேராசிரியர். துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவரைப் பட்டத் தகுதி கேட்காமல் அமர்த்தலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பணியிடங்களைக் குறைக்கவும் கூடாது. அதிகபட்சம் 3 ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஓர் ஆண்டு. நல்ல ஏற்பாடு என்றாலும் இரண்டு ஆபத்துகள் தெரிகின்றன. அனுபவம் உயர்நிலைப் பதவியில் இருந்தால் நல்லது என்று விதி சொல்வதால், தலைநகரத்துப் பெயர்கள் உள்ளே வரும். வாணியம்பாடியில் 25 ஆண்டாகச் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர் வெளியே நிற்பார். நிரந்தர இடங்களை நிரப்பாமல் இப்படிப்பட்டவர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் வைத்தே காலம் தள்ளலாம் என்ற எண்ணம் நிர்வாகங்களுக்கு வரும். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு 2019 ஜனவரியில் வழிகாட்டியது. அந்தத் தொகைக்காகத் தமிழ்நாட்டில் இன்னும் போராட வேண்டியிருக்கிறது என்பது வெட்கத்துக்குரியது. பிழைக்கவே போதாத சம்பளத்தில் வேலூருக்கு எந்த நல்ல பத்திரிகையாளர் வருவார்?

இந்த வட்டாரத்துக்கு எப்படிப்பட்ட ஆசிரியர்கள் தேவை என்பதை இந்த வட்டாரத்துச் செய்திகளே சொல்கின்றன. முதல் தேவை வேதியியல் அறிந்தவர். இங்கே டீக்கடையிலும் டி.டி.எஸ். என்ற சொல் புழங்குகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமியம் என்றாலே எல்லாம் ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள். டேனரியில் தோல் பதனிடப் பயன்படுவது மூவிணை திறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச் சென்ற ஏறத்தாழ 1.5 லட்சம் டன் கழிவில் இருப்பது அறுவிணை திறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் கொடிய நஞ்சு. இந்த வேறுபாடு தெரியாத நிருபர் டேனரிக்காரருக்கும் அநீதி செய்வார், ராணிப்பேட்டைக் கிராமத்துக்கும் அநீதி செய்வார். ஆவாரம்பட்டை ஊறல் குழியிலிருந்து குரோம் டிரம்முக்கு இந்தத் தொழில் ஏன் மாறியது, பதனிட்டும் பதனிடாமலும் தோலை ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் அரசு போட்ட கட்டுப்பாடுகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விளக்க, அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஒருவரை ஒரு பருவத்துக்கு அழைத்தால் போதும். அந்த நிறுவனத்தை 1958 முதல் வழிநடத்திய ஒய். நாயுடம்மா, ஆய்வகத்தில் கண்டதை டேனரித் தொழிலாளிக்குப் புரியும்படி கொண்டுசேர்ப்பதே விஞ்ஞானியின் வேலை என்று நம்பிச் செயல்பட்டவர். அறிவியல் தொடர்பியலுக்கு இதைவிட அருகிலுள்ள உதாரணம் கிடைக்காது.

அடுத்தது மொழி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கும் சேரும். இப்போது வங்காளியும் ஹிந்தியும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்ததில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களோடு தங்கியிருந்தவர்களிடம் அவர்கள் மொழியில் இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்த மாணவரை இந்த ஊர்க் கல்லூரி உருவாக்க வேண்டாமா? 1919-ல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியைப் போன்ற பழைய நிறுவனங்கள் உள்ள பகுதி இது. உருது அறிந்த இதழியல் ஆசிரியர் இங்கே ஆடம்பரம் ஆகாது.

மூன்றாவதுதான் எல்லோரும் தயங்குகிற இடம்: சாதி. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1996-ல் ‘பயனியர்’ நாளேட்டில் பி.என். உனியால், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல் போனதை எழுதி நாட்டை அதிரவைத்தார். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்து, மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. அதை வெறும் சாப்பாட்டுச் சண்டையாக எழுதுவதா, உணவின் பின்னால் உள்ள உழைப்பையும் ஒதுக்கலையும் சேர்த்து எழுதுவதா என்று வகுப்பில் விவாதிக்க, அந்த வாழ்க்கையிலிருந்து வந்த ஆசிரியர் துறையில் இருக்க வேண்டும். இடஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவதோடு இது முடிவதில்லை. தேர்வுக் குழு அந்த அனுபவத்தை அறிவாக மதிக்கிறதா என்பதே கேள்வி.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1977 முதல் கே.வி. குப்பத்தில் இயங்கும் சி.எம்.சி.யின் ருஹ்சா மையத்தில், கிராமப் பெண்களிடம் உடல்நலச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சுகாதாரத் தொடர்பியலில் அவர்களுக்கு மேல் பாடநூல் என்ன சொல்லிவிடும்? இழப்பீட்டு வழக்குகளில் விவசாயிகளுக்காக அலைந்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 1996 தீர்ப்பின் பேரில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அது முழுதாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது. இந்த ஒரு கோப்பை வைத்தே தகவல் அறியும் உரிமை, நீதிமன்றச் செய்தி, தரவு இதழியல் மூன்றையும் ஒரு பருவம் முழுக்க நடத்தலாம்.

களத்திலிருந்து வருபவர் எல்லோரும் நல்லாசிரியர் ஆகிவிடமாட்டார் என்ற எதிர்வாதம் நியாயமானது. பழைய சாகசங்களைச் சொல்லியே மணி அடிக்கும் வரை ஓட்டுபவர்கள் உண்டு. டேனரி நிர்வாகத்திலிருந்து வருபவர் டேனரியின் குரலாகவும், இயக்கத்திலிருந்து வருபவர் இயக்கத்தின் குரலாகவும் மட்டும் பேசிவிடலாம். அதற்காகத்தான் கலப்பு வேண்டும் என்கிறோம். ஆய்வு முறை அறிந்த நிரந்தரப் பேராசிரியரும் களம் அறிந்தவரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்தட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் வகுப்பிலேயே கேள்வி கேட்கட்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. நெருக்கமான பாடங்களின் பட்டியலைப் பல்கலைக்கழகம் விரிவாக்கி, எழுத்தில் வெளியிடலாம். இசைக்கு உள்ளது போன்ற தனித் தகுதி வாசலை இதழியலுக்கும் தரும்படி மாநில அரசு மானியக் குழுவிடம் கேட்கலாம். நெட் இதழியல் தாளைத் தமிழிலும் எழுத அனுமதி கேட்கலாம். காலியான நிரந்தர இடங்களை முதலில் நிரப்பிவிட்டு, அதன் பிறகு நடைமுறைப் பேராசிரியர் இடங்களில் ஒன்றையாவது மாவட்ட நிருபருக்கோ தொழிலாளர் களப்பணியாளருக்கோ ஒதுக்கலாம்.

ஜோலார்பேட்டையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, இதழியல் படிக்கச் சென்னை போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்க்க வரும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கை நாளில் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்த்த பிறகு, துறையின் ஆசிரியர் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், இந்த வட்டாரத்தைப் பற்றி என்ன எழுதினார் அல்லது எடுத்தார், நிரந்தரமா தற்காலிகமா என்று கேளுங்கள். பதில் தர மறுக்கும் கல்லூரியில் கட்டணம் கட்டாதீர்கள்.